பழைய லாண்ட்மாஸ்டரின் கியர் பொக்ஸைக் கழற்றிப் பூட்டுவது எப்படி

எங்கள் ஊரில் இரண்டு சில்லு உழவு இயந்திரம் எதுவானாலும் அதற்குப் பெயர் லாண்ட்மாஸ்டர்தான். அந்தப் பெயரில் மெஷின் செய்த கொம்பனி இங்கிலாந்தில் இருந்தது. என் கொட்டிலில் நிற்பதோ ஜப்பானில் செய்த குபோட்டா. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான நீர்வேலியில் "குபோட்டாவைக் கொண்டு வா" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்பா இதை எழுபதுகளில் வாங்கினார். வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வராமல் அரசாங்கம் தடுத்திருந்த காலம் அது. தோட்டக்காரனின் மடியில் காசு புழங்கியது. 1977க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். விலை விழுந்தது, மெஷின் மிஞ்சியது.

நான் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கோண்டாவில் பஸ் டிப்போவில் 27 வருடம் கியர் பொக்ஸ் திருத்தியவன். பஸ்ஸினுடையதோடு ஒப்பிட்டால் லாண்ட்மாஸ்டரின் கியர் பொக்ஸ் சின்ன வகுப்புப் பிள்ளையின் கணக்கு. அந்தக் கணக்கிலேயே நான் ஒருமுறை பிழை விட்டேன். இடப்பக்கச் சில்லு இழுப்பை விட்டு விட்டுப் பிடிக்கிறது என்று திறந்தேன், தேய்ந்ததை மாற்றினேன், பூட்டினேன். இரண்டு போகம் போவதற்குள் அதே சத்தம், அதே நழுவல். போன ஆடியில் மறுபடி திறந்தபோதுதான் காரணம் பிடிபட்டது. அது கியர் பொக்ஸுக்குள் இருக்கவேயில்லை. எங்கே இருந்தது என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

முதலில், திறக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். எஞ்சினிலிருந்து வி-பெல்ட் வழியாகக் கிளச்சுக்கும், கிளச்சிலிருந்து கியர் பொக்ஸுக்கும் இழுப்பு வருகிறது. பெல்ட் தளர்ந்தாலும் கிளச் தகடு தேய்ந்தாலும் மெஷின் இழுக்காது. அதற்காகக் கியர் பொக்ஸைத் திறப்பவர் ஒரு நாளை வீணாக்குகிறார். எல்லாக் கியரிலும் ஒரே ஊளைச் சத்தம் கேட்டால் பெயரிங்கைச் சந்தேகியுங்கள். ஒரு கியரில் மட்டும் கேட்டால் அந்தக் கியரின் பற்கள். ஓடும்போது கியர் தானாக விலகி விழுந்தால், கியர் மாற்றும் கம்பியைப் பிடித்து நிறுத்தும் சின்னக் குண்டையும் சுருள்வில்லையும் முதலில் பாருங்கள். பல மெஷின்களில் வெளியே ஒரு போல்டைக் கழற்றினாலே அவை கைக்கு வந்துவிடும். சோர்ந்துபோன ஒரு சுருள்வில்லுக்காக முழு கியர் பொக்ஸையும் முற்றத்தில் பரப்பியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து ஒயில். மெஷினைக் கொஞ்சம் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே வெள்ளைப் பாத்திரம் ஒன்றில் வடியுங்கள். ஆறிய ஒயில் அழுக்கை அடியிலேயே விட்டுவிட்டு வெளியேறும். தேன் நிறத்தில் வந்தால் நல்லது. மோர் கலந்ததுபோல வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டும் மெல்லிய சாம்பல் நிறப் பசை வழமையான தேய்மானம்தான். ஊசி ஊசியாகவோ செதில் செதிலாகவோ ஒட்டினால் பல்லோ பெயரிங்கோ உதிர்கிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுக்கம் தண்டைத் தாங்கும் பித்தளை உருளையான புஷ்ஷிலிருந்து வருவது. எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் வரும்: செம்மண். அடியில் குழம்புபோலச் சிவப்பாகப் படிந்திருந்தால் அச்சுத் தண்டைச் சுற்றி ஒயிலை உள்ளே அடைத்துவைக்கும் ரப்பர் வளையமான சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

இந்த மெஷினின் ஒயில் மோராக வந்ததை நான் முதலில் பார்த்தது 1996இல். அதற்கு முந்தைய வருடம் ஒக்டோபர் 30 இரவு, போரால் எங்கள் வலிகாமம் பகுதியே யாழ்ப்பாணத்தின் தென்மராட்சிப் பகுதிக்கு இடம்பெயர்ந்தபோது, மூன்று வீட்டுச் சாமான்களையும் எங்கள் அம்மம்மாவையும் மெஷினின் பின்னால் பூட்டும் இழுவைப் பெட்டியில் ஏற்றி, நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடியும்வரை இது ஊர்ந்தது. மாரி முழுவதும் சாவகச்சேரியில் ஒரு வளவில் வெள்ளத்துக்குள் நின்றது. சித்திரையில் ஊர் திரும்பி ஒயிலை வடித்தால் வெள்ளையாய் வந்தது. புது ஒயில் வாங்க அப்போது எங்கே வழி? பொருளாதாரத் தடைக் காலத்தில் பழுதான குத்துவிளக்கை உருக்கிப் புஷ் கடைந்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். அது ஓடியது.

திறப்பதென்று முடிவெடுத்தால் வெளிப்பக்கத்தை முதலில் கழுவுங்கள். ஐம்பது வருடச் செம்மண்ணும் கிரீஸும் சீமெந்துபோல இறுகியிருக்கும். சுரண்டி, மண்ணெண்ணெய் பூசி, ஊறவிட்டு, பிறகு தண்ணீர். கழுவாமல் திறந்தால் அந்த மண் உள்ளேதான் விழும். பெட்ரோலால் கழுவாதீர்கள். குசினி அடுப்பு பத்தடி தூரத்தில் எரியும் வீடுகள் நம்முடையவை.

ஆயுதங்கள் அதிகம் வேண்டாம். ஜப்பான் மெஷின் என்றால் 10, 12, 14, 17, 19 இலக்க ஸ்பனர்கள், பூட்டு வளையம் கழற்றும் குறடு, பெயரிங் இழுக்கும் புள்ளர், ஒரு செப்புத் துண்டு, ஒரு மரக்கொட்டன். ஜப்பான் நட்சத்திர ஆணிகளின் தலை, நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண நட்சத்திரத் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், திருகினால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். திருப்புளியின் நுனியைச் சற்றே மழுக்கி, அடிவரை இறங்கச் செய்தால் பிடிக்கும்.

எஞ்சினைக் கழற்றி வையுங்கள். கழற்றாமல் சமாளிக்கலாம் என்பார்கள், இடுப்பு உங்களுடையது. சில்லுகள், கைபிடி, கம்பிகள் எல்லாம் கழன்ற பிறகு கியர் பொக்ஸ் மட்டும் மேசையில் ஏற வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். எங்கள் காலத்தில் சோக்கட்டியால் எழுதினோம். என் மருமகன் நாற்பது படம் எடுத்து, அவற்றில் பாதியில் தன் பெருவிரலையும் சேர்த்திருந்தான்.

மூடியின் போல்ட்களை எல்லாம் கழற்றிய பிறகும் மூடி வராது. பயப்படாதீர்கள், இடம் பிசகாமல் இருக்க இரண்டு ஊசிகள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இங்கேதான் பலர் திருப்புளியை இடைவெளியில் செருகிக் கிண்டுகிறார்கள். அந்த ஒரு கீறலால் மெஷின் ஆயுள் முழுவதும் ஒயில் கசியும். மூடியின் தடித்த ஓரங்களில் மரக்கொட்டனால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள், தானாக விடும். மூடியைத் தூக்கும்போது இன்னொருவர் தண்டுகளை உள்ளே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். தண்டின் நுனியில் இருக்கும் மெல்லிய வாசர் ஒயிலில் ஒட்டி மூடியோடு மேலே வரும். எங்கே இருந்து விழுந்தது என்று தெரியாமல் கீழே விழும். மூடியைத் திருப்பிப் பார்த்து, ஒட்டியிருப்பதை அந்த இடத்திலேயே படம் எடுத்துவிடுங்கள்.

கழற்றிய உருப்படிகளை வரிசை மாறாமல் வைக்கச் சுளகைப்போல் வசதியானது வேறில்லை. மூன்று தண்டுகளுக்கு மூன்று சுளகு. வீட்டுச் சுளகை எடுத்தால் என்ன நடக்கும் என்பதை நான் அனுபவித்தேன். சந்தையில் புதிதாக வாங்கிக் கொடுக்கும்வரை எனக்குத் தேநீர் பேச்சில்லாமல் வந்தது. வாசர்களையும் சிறு வளையங்களையும் தண்டிலிருந்து கழன்று வரும் அதே ஒழுங்கில் ஒரு கம்பியில் கோத்து, நுனியை முறுக்கிவிடுங்கள். எந்த முகம் எந்தப் பக்கம் பார்த்தது என்பதும் முக்கியம். ஒரு வாசரின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அதைத் திருப்பிப் போட்டு ஏமாற்றலாம் என்று நினைக்க வேண்டாம்.

இனி ஒவ்வொன்றாகப் பார்வை. கியர்ப் பல்லின் முகத்தில் நகத்தை ஓட்டுங்கள். மினுக்கம் இருந்து நகம் வழுக்கினால் போதும், அது இன்னும் இருபது வருடம் ஓடும். அம்மைத் தழும்புபோலச் சிறு குழிகள் நகத்தில் இடறினால் மேல்தோல் உதிரத் தொடங்கிவிட்டது. அரத்தை மெதுவாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள்: அரம் வழுக்கினால் கடினத் தோல் இன்னும் இருக்கிறது, கடித்தால் இல்லை. பெயரிங்கை மண்ணெண்ணெயில் அலசி, உலர்த்தி, ஒரு துளி ஒயில் விட்டு, வெளி வளையத்தைப் பிடித்து உள் வளையத்தை மெதுவாகச் சுற்றுங்கள். கரகரப்பு விரலுக்குத் தெரியும். காற்றடித்துச் சுழற்றி விளையாடாதீர்கள். உலர்ந்த பெயரிங் அந்த வேகத்தில் கெட்டுப்போகும், சிலவேளை சிதறவும் செய்யும்.

பெயரிங்கின் வெளி வளையம் உட்காரும் குழியையும் பாருங்கள். அங்கே வட்டவட்டமாக மினுங்கினால் வளையம் குழிக்குள் சுற்றியிருக்கிறது. குழியின் சுவரில் நடு ஊசியால் பொட்டுப் பொட்டாகக் குத்தி இறுக்கும் வித்தையைச் சில கராஜ்களில் செய்வார்கள். நான் அதைச் செய்ய மாட்டேன். பொட்டுகள் ஒரு மாதத்தில் தட்டையாகி, தண்டு மறுபடி சாயும். தண்டு சாய்ந்தால் கியர் விலகி விழும். கடைச்சல் பட்டறையில் கொடுத்துக் குழியைப் பெருப்பித்து உள்ளே ஒரு புஷ் இறுக்குங்கள்.

என் மெஷினின் வருத்தம் பக்கக் கிளச்சில். கைபிடியின் கீழே இடப்புறமும் வலப்புறமும் ஒவ்வொரு நெம்பு இருக்கிறதல்லவா? இடதை அழுத்தினால் இடச் சில்லின் இழுப்பு அறுந்து மெஷின் இடப்பக்கம் திரும்பும். உள்ளே நடப்பது இதுதான்: நடுக் கியரின் இரு முகத்திலும் கோட்டைச் சுவர்போல எழுந்து நிற்கும் கவ்வுபற்கள். பக்கக் கியர்களிலும் அதேபோலப் பற்கள். சுருள்வில் அவற்றை ஒன்றோடொன்று கவ்வ வைக்கிறது. நெம்பை அழுத்தினால் இரட்டைக் கிளையுள்ள ஒரு கவை பக்கக் கியரைத் தள்ளி விலக்குகிறது. பற்களின் மூலை கூர்மையாக இருக்கும்வரை சுமை ஏற ஏறக் கவ்வல் இறுகும். மூலை உருண்டுவிட்டால் அதே சுமை அவற்றைப் பிரித்துத் தள்ளும். பெட்டியில் கல் ஏற்றினால் இடச் சில்லு "டக் டக்" என்று துள்ளியதற்குக் காரணம் அது.

சரி, மூலை ஏன் உருண்டது? முதல்முறை இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. இந்தமுறை கழற்றிய எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு, கழற்றாத வெளிக் கம்பியைப் பார்த்தேன். நெம்பிலிருந்து கவைக்குப் போகும் இடப்பக்கக் கம்பி, யாரோ எப்போதோ கைபிடியை ஒட்டவைத்தபோது சற்றுக் குட்டையாகியிருந்தது. நெம்புக்கு விளையாட்டு இடமே இல்லை. கையை விட்ட பிறகும் கம்பி கவையை ஒரு நூலளவு இழுத்துப் பிடித்திருந்தது. பற்கள் முழு ஆழத்துக்கு இறங்காமல் நுனியால் மட்டும் கவ்விக்கொண்டு பல வருடம் உழுதிருக்கின்றன. நான் போட்ட புதுப் பாகத்தையும் அந்தக் கம்பிதான் தின்றது. அந்த "யாரோ" நானாகவும் இருக்கலாம் என்று மருமகன் சொன்னான். இருக்கலாம்.

பாகங்கள் தேடும் விடயத்துக்கு வருவோம். பெயரிங் வாங்க மெஷினின் பெயர் தேவையில்லை. வளையத்தில் வெட்டியிருக்கும் இலக்கம் போதும். 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீற்றர், உலகம் முழுவதும். கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும். 04இலிருந்து மேலே இந்தக் கணக்குப் பிழைக்காது. சீலில் மூன்று எண்கள் இருக்கும்: தண்டின் விட்டம், வெளிவிட்டம், தடிப்பு. இவை யாழ்ப்பாணத்திலேயே கிடைக்கும். கியரும் கவ்வுபற்களும்தான் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத் தேடிப் போக வேண்டியவை. அங்கே புதிதென்று பளபளக்கும் பெயர் தெரியாத பாகத்தைவிட, பழைய மெஷினிலிருந்து கழற்றிய அசல் பாகம் நல்லது என்பது என் முடிவு. அரத்தை மட்டும் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் ஒருமுறை உரசிப் பாருங்கள். உருண்ட பல்லை வெல்டிங் பிடித்து நிரப்பி அரைத்துக் கொடுப்பதாகச் சொல்வார்கள். வெல்டிங் சூட்டில் சுற்றியுள்ள இரும்பின் கடினம் போய்விடும். அவசரத்துக்கு ஒரு போகம் ஓட்டலாம், அவ்வளவுதான்.

சீல் மாற்றும்போது சீலை மட்டும் பார்க்காதீர்கள்; அது உரசிய தண்டைப் பாருங்கள். செம்மண் ஏறிய உதடு உரைகல்போல வேலை செய்து தண்டில் ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கும். அந்த வாய்க்காலில் எந்தப் புதுச் சீலும் நிற்காது. ஆழம் குறைவென்றால் சீலை இரண்டு மில்லிமீற்றர் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளி உட்கார வைத்து, உதடு புது இடத்தில் படச் செய்யலாம். ஆழமென்றால் கடைச்சலில் கொடுத்து மெல்லிய உறை ஏற்ற வேண்டும். தூசிக்கு ஒரு மேலதிக உதடு உள்ள சீல் கிடைத்தால் அதை வாங்கி, இரண்டு உதட்டுக்கும் நடுவில் கிரீஸ் நிரப்புங்கள். சுருள்வில் தெரியும் பக்கம் ஒயிலைப் பார்க்க வேண்டும். தண்டின் வரிப்பள்ளங்கள் உதட்டைக் கிழிக்காமல் இருக்க, அவற்றின்மேல் பிளாஸ்டிக் நாடா சுற்றி ஒயில் பூசி நுழையுங்கள்.

பெயரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவது கடைசி வழி. பழைய தாச்சி ஒன்றில் ஒயிலை ஊற்றி, பெயரிங் அடியில் முட்டாமல் கம்பியில் தொங்கவிட்டு, நூறு பாகைக்குக் கிட்டச் சூடாக்குங்கள். 120 பாகையைத் தாண்டவிடாதீர்கள். வெளியே எடுத்த வளையத்தில் நனைந்த விரலால் ஒரு துளி விட்டால் சுரீரென்று போக வேண்டும். தாச்சிக்குள் தண்ணீர் விட்டுப் பார்க்காதீர்கள், கொதி ஒயில் முகத்தில் தெறிக்கும். தண்டை முதல் நாள் இரவே குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வைத்தேன், மீனுக்குப் பக்கத்தில், பொலித்தீன் சுற்றி. சூடான பெயரிங் தண்டில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அடித்தே ஆக வேண்டுமென்றால் தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும், குழியில் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும். மாற்றி அடித்தால் குண்டுகள் ஓடும் பாதையில் தழும்பு விழும். புதுப் பெயரிங் முதல் நாளே ஊளையிடும்.

மூடிக்கு நடுவே ஒயில் கசியாமல் தடுக்கும் தாள்தான் காஸ்கட். பழையதைச் சுரண்ட இரும்பு வேண்டாம். காய்ந்த பனைமட்டையைக் கத்திபோலச் சீவினால் முகம் கீறாமல் சுரண்டும். புதுக் காஸ்கட்டை நாமே வெட்டலாம்: காஸ்கட் தாளை முகத்தின்மேல் விரித்து, ஓரம் வழியே சிறு சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் மெதுவாகத் தட்டிக்கொண்டு போனால் விளிம்பே தாளை வெட்டிவிடும். போல்ட் ஓட்டைகளில் பழைய பெயரிங் குண்டு ஒன்றை வைத்துத் தட்டுங்கள், வட்டமாக விழும். தாளின் தடிப்பு பழையதன் அளவாக இருக்கட்டும். மெல்லியதானால் தண்டுகள் இறுகும், தடித்தால் ஆடும். சிலிக்கோனை அள்ளிப் பூசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளியே பிதுங்குவது உள்ளேயும் பிதுங்குகிறது.

பூட்டும்போது ஒவ்வொரு உருப்படியையும் ஒயிலில் நனைத்துப் பூட்டுங்கள். மூடியைப் போட்டு எதிரெதிர் போல்ட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். நடுவில் இரண்டு முறை தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கம் திடீரென ஏறினால் நிறுத்துங்கள், ஏதோ ஒரு வாசர் இடம் மாறியிருக்கிறது. எல்லாம் இறுகிய பின் எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டு, கையால் சுற்றி, பின்னோக்கிய கியர் உட்பட, சில்லுத் தண்டு சரியான பக்கம் சுற்றுகிறதா என்று பாருங்கள். இதை எஞ்சின் ஏற்றிய பிறகு பார்க்க நினைத்தால் முழு வேலையும் இரண்டாம் முறை.

பிறகு அந்தக் கம்பி. நெம்பின் நுனியில் விரல் தடிப்பளவு சும்மா ஆடும் இடம் விட்டு, அதற்குப் பிறகே கவை அசையும்படி நீளத்தைச் சரிசெய்யுங்கள். இரு பக்கமும்.

ஒயில்: நான் 90ஆம் இலக்கக் கியர் ஒயில் ஊற்றுகிறேன். பித்தளைப் புஷ் உள்ள பழைய கியர் பொக்ஸுக்கு ஜி.எல்-4 வகையைக் கேட்டு வாங்குங்கள், ஜி.எல்-5இல் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும். அளவு ஆணியின் ஓட்டையில் எட்டிப் பார்க்கும்வரை மட்டும். கூட ஊற்றினால் கிளச் பக்கச் சீல் வழியே வழிந்து தகட்டை நனைத்துவிடும். சில்லுகளை நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டை வைத்து, சுமையில்லாமல் அரை மணி நேரம் எல்லாக் கியரிலும் ஓட்டுங்கள். முதல் ஒயிலை ஒரு கிழமை உழவுக்குப் பிறகு வடித்துவிடுங்கள். வடிக்கும் ஆணியில் ஒரு சிறு காந்தம் ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது.

மருமகன் முதலில் ஓட்ட ஆசைப்பட்டான். தெருவிலிருந்து எங்கள் தோட்டத்துக்குள் இறங்கும் சரிவில் இடப்பக்கம் திரும்ப இட நெம்பை அழுத்தினான். மெஷின் வலப்பக்கம் போய் வேலிக் கிளுவையில் முட்டியது. "மாமா, மாறிப் பூட்டிவிட்டீர்கள்!" என்று கத்தினான். மாறவில்லை. இறக்கத்தில் எஞ்சின் சில்லைப் பிடித்து நிறுத்துகிறது. இடப்பக்கத்தை விடுவித்தால் அந்தச் சில்லு முந்திக்கொண்டு ஓட, வலப்பக்கம் தங்கும். தட்டையான யாழ்ப்பாணத்தில் இதைப் படிக்க இடமே கிடைப்பதில்லை. இறக்கத்தில் நெம்பைத் தொடாமல் கைபிடியைத் தோளால் தள்ளித் திருப்பு என்றேன். தோட்டத்துக்குள் இறங்கிய பிறகு இடதை அழுத்த இடப்பக்கமே போனது, துள்ளல் இல்லை.

மறுநாள் விடிய, இரவு கீழே விரித்து வைத்த காட்போட் மட்டையைப் பார்த்தேன். அச்சுத் தண்டுகளுக்கு நேரே உலர்ந்திருந்தது. நடுவில் ஒரே ஒரு துளி. வடிக்கும் ஆணியின் செப்பு வாசர் பழையது. அதை மாற்ற மறந்திருக்கிறேன்.